மெஸ்ஸோ-சோப்ரானோ குரலுக்கு எந்தப் பக்திப் பாடல்?

கேள்வி: என் குரல் மெஸ்ஸோ-சோப்ரானோ (பெண்குரல்களில் நடுத்தர உயரமுடையது) என்று ஆசிரியர் உறுதிசெய்திருக்கிறார். இதுவரை பாடகர் குழுவில் மட்டுமே பாடிய நான், முதன்முறையாக ஆராதனையில் தனிப்பாடல் பாடவிருக்கிறேன். மேற்கத்திய செவ்வியல் இசையில் எதைத் தேர்ந்தெடுப்பது? சோப்ரானோ (மிக உயர்ந்த பெண்குரல்) பாடல்களைச் சுருதி இறக்கிப் பாடலாமா?

பதில்: சுருதி இறக்கிப் பாடுவதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன், உங்கள் குரலுக்குப் பொருந்தும்படி ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைப் பாருங்கள். ஆரட்டோரியோக்களில் (நடிப்பின்றிப் பாடப்படும், பெரும்பாலும் சமயக் கதை சொல்லும் பெரிய இசைப்படைப்புகளில்) ‘ஆல்ட்டோ’ (தாழ்ந்த பெண்குரல்) என்று குறிக்கப்பட்ட தனிப்பாடல்கள் பலவற்றை இன்று மெஸ்ஸோ பாடகியர் பாடுகிறார்கள். ‘மெஸ்ஸோ’ என்ற பெயரை மட்டும் தேடினால் அவை அகப்படுவதில்லை.

பாடலின் உச்ச ஸ்வரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே ஒருமுறை தொட்டு இறங்கும் உயர்ந்த ஸ்வரம் உங்களைக் களைப்படையச் செய்யாது. குரல் பெரும்பகுதி நேரமும் எந்த எல்லைக்குள் தங்கியிருக்கிறது என்பதே தொண்டையின் சுகத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் தனிப்பாடலுக்கு நான் பரிந்துரைப்பது மெண்டல்சனின் ‘எலியா’ (1846) ஆரட்டோரியோவில் வரும் ‘ஓ ரெஸ்ட் இன் த லார்ட்’. ‘கர்த்தரை நோக்கி அமர்ந்து, அவருக்குக் காத்திரு’ என்னும் 37ஆம் சங்கீத வாக்கை ஒட்டிய இப்பாடல் நடுஸ்தாயியிலேயே பெரிதும் அமைந்து, பதற்றம் உள்ளவரையும் தாங்கிக்கொள்கிறது. எளிமையாகத் தோன்றினாலும், நீண்ட அடிகளை மூச்சு அறாமல் கொண்டுசெல்வதில் உழைப்பு இருக்கிறது.

ஹேண்டலின் ‘மெசியா’வில் வரும் ‘ஹி வாஸ் டிஸ்பைஸ்டு’ என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் சொற்களை ஹேண்டல் சிறுசிறு துண்டுகளாக உடைக்கிறார். சில இடங்களில் வாத்தியங்கள் ஓய்ந்துவிட, ‘புறக்கணிக்கப்பட்டவர்’ என்னும் பொருள்படும் சொல்லைக் குரல் துணையின்றிச் சொல்கிறது. அந்த மௌனங்களை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பாடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நடுப்பகுதியையும் முதற்பகுதியின் மறுபாடலையும் சேர்த்தால் மிக நீளமாகிவிடுமாதலால், ஆராதனையில் முதற்பகுதியை மட்டும் பாடுவது போதும்.

பியானோ மட்டுமே துணையாகக் கிடைக்குமானால், ட்வோர்ஷாக் 1894இல் இயற்றிய 10 ‘விவிலியப் பாடல்கள்’ பெரிய கொடை. அவை தொடக்கத்திலேயே பியானோவுக்காக எழுதப்பட்டவை. உயர்குரலுக்கும் தாழ்குரலுக்கும் தனித்தனிப் பதிப்புகள் உண்டு. இயேசுவின் பாடுகளை இசையாக்கிய பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ படைப்பில், பேதுரு மறுதலித்து அழுத பின் வரும் ‘எர்பார்மே டிஹ்’ ஈடற்றதுதான். ஆனால் அது குரலும் தனி வயலினும் சேர்ந்து நடத்தும் மன்றாட்டு என்பதால், தேர்ந்த வயலின் கலைஞர் அமையும்வரை ஒத்திவையுங்கள். வெர்டியின் ‘ரெக்வியம்’ (இறந்தோருக்கான திருப்பலி இசை) முதல் தனிப்பாடலுக்கு மிகக் கனமானது; இப்போது வேண்டாம்.

தேர்ந்தெடுத்த பாடலை ஒரே அமர்வில் இருமுறை முழுக்குரலில் பாடிப் பாருங்கள். இரண்டாம் முறை தொண்டை இறுகினால், அரைச்சுரமோ முழுச்சுரமோ இறக்கிய பிரதியை வாத்தியக் கலைஞரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.