லோகோ வருகிறது, விண்டோஸ் வந்ததும் திரை இருட்டு

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரின் 22 இன்ச் மானிட்டர் பழுதாகிவிட்டதால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் 17 இன்ச் சதுர மானிட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி விஜிஏ கேபிளில் மாட்டினேன். ஆன் செய்ததும் லோகோ தெரிகிறது. விண்டோஸ் 10 வரும் நேரத்தில் திரை இருண்டு, ‘இன்புட் நாட் சப்போர்ட்டட்’ என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும் மிதக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். லோகோ ஒழுங்காகத் தெரிகிறது என்றால் கார்டு, கேபிள், மானிட்டர் மூன்றும் படம் காட்டும் நிலையில்தான் இருக்கின்றன. கார்டு கெட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் லோகோவிலேயே கோடு விழும், நிறம் மாறும், அல்லது எதுவுமே வராது. அந்தக் கட்டம் சொல்வது ஒன்றைத்தான்: ‘சிக்னல் வருகிறது, ஆனால் என்னால் காட்ட முடியாத அளவில் வருகிறது.’

17 இன்ச் சதுர மானிட்டரின் சொந்த அளவு 1280×1024, அதாவது குறுக்கே 1280, நெடுக்கே 1024 புள்ளிகள். உங்கள் விண்டோஸோ பழைய 22 இன்ச்சுக்கு வைத்திருந்த அளவிலேயே, அநேகமாக 1920×1080-ல், படத்தை அனுப்புகிறது. இரண்டுமே 60 ஹெர்ட்ஸ்தானே (நொடிக்கு 60 முறை படம்) என்று தோன்றும். ஆனால் 1280×1024-க்கு 108 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் புள்ளிகள் வந்தால் போதும், 1920×1080-க்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். இந்த வகை மானிட்டர்கள் பெரும்பாலும் 135, 140-ஐத் தாண்டினால் கைவிரித்துவிடும். லோகோ வரும்போது விண்டோஸின் டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது, படம் சிறிய அளவில் வரும். அதனால்தான் அது மட்டும் தெரிகிறது.

ஆகவே விண்டோஸை ஒரு முறை சின்ன அளவில் திறந்து, அளவை மாற்றினால் போதும். லோகோவுக்குக் கீழே வட்டம் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை செய்தால் அடுத்த முறை பழுதுபார்க்கும் நீலத்திரை தானாக வரும். அதில் ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’, ‘ரீஸ்டார்ட்’ என்று போங்கள். மறுபடி வரும் பட்டியலில் எண் 3, அதாவது ‘எனேபிள் லோ ரெசல்யூஷன் வீடியோ’. வழியில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கச் சாவி கேட்டால் பதற வேண்டாம். அநேகமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். விண்டோஸே கெட்டுப்போகலாம்.

எல்லாம் பெரிது பெரிதாகத் தெரியும் திரை வரும். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ திறந்து 1280×1024 தேர்ந்தெடுங்கள். ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’யில் 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று விண்டோஸ் கேட்கும். படம் தெரிந்தால் ‘கீப் சேஞ்சஸ்’ அழுத்துங்கள். இருட்டானால் எதையும் அழுத்தாமல் காத்திருங்கள், 15 நொடியில் பழைய அளவுக்குத் தானே திரும்பிவிடும். பிறகு வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சரியாகிவிட்டாலும் ஒரு கேள்வி மீதியிருக்கிறது: புது மானிட்டரின் அளவை விண்டோஸ் ஏன் தானே கண்டுகொள்ளவில்லை? ஒவ்வொரு மானிட்டரும் தனக்கு எந்தெந்த அளவு ஒத்துவரும் என்ற சிறு குறிப்பைக் கேபிள் வழியாகவே கம்ப்யூட்டருக்குச் சொல்லும். விஜிஏ கேபிளில் 12, 15 ஆகிய இரண்டு ஊசிகள் அதற்குத்தான். மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் இந்தக் கம்பிகளே இருக்காது. மாட்டிக் கழற்றியதில் ஊசிகள் வளைந்தும் போயிருக்கலாம். ‘டிவைஸ் மேனேஜரில்’ மானிட்டரின் பெயர் ‘ஜெனரிக் நான் பிஎன்பி மானிட்டர்’ என்று இருந்தால், அந்தக் குறிப்பு வந்துசேரவில்லை என்று பொருள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். (நடு வரிசையில் 9-ம் ஊசி இல்லாத கேபிள்கள் நிறைய உண்டு, அது குறையல்ல.) எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் இடையில் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றில் ஊசிகள் பச்சை பிடிப்பதுண்டு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள்.

பட்டியலில் 1280×1024 இல்லவே இல்லையா? டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ கீழே ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை. மதர்போர்டு (தனி கிராஃபிக்ஸ் கார்டு என்றால் அந்தக் கார்டு) தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கு உரியதை இறக்கிப் போடுங்கள். டிரைவர் சரியாக இருந்தும் இல்லையென்றால், அடாப்டர் பிராப்பர்டீஸில் ‘லிஸ்ட் ஆல் மோட்ஸ்’ திறந்து தேடுங்கள். 1024×768 வருகிறதே, அதுவே போதும் என்று விட்டுவிடாதீர்கள். அது மானிட்டரின் சொந்த அளவு அல்ல, எழுத்து மங்கும். பிள்ளைகள் மணிக்கணக்கில் படிக்கும் திரையில் மங்கிய எழுத்து கண்ணை அலுக்க வைக்கும்.

அளவு சரியானபின் எழுத்து நடுங்கினாலோ படம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலோ, மானிட்டரில் உள்ள ‘ஆட்டோ’ பட்டனை ஒரு தரம் அழுத்துங்கள். வெள்ளைப் பின்னணியில் எழுத்து நிறைந்த பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்தினால் ஓரங்கள் சரியாகப் பிடிபடும்.