"நீ என்ன நினைக்கிறாய்?" என்று கைடு கேட்டால்

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: ஸ்வீடனில் பிஎச்டி சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கைடு இதைச் செய், அதைச் செய் என்று சொல்வதே இல்லை. எதைக் கேட்டாலும் "நீ என்ன நினைக்கிறாய்?" என்கிறார். அவருக்கு உங்களைப் பிடிக்கவில்லையோ?

அப்படியெல்லாம் இல்லை, இங்கே வழக்கமே அதுதான். நான் மதுரையில் எம்எஸ்சி முடித்து வந்தவள். சார் அறைக்கு வெளியே காத்து நின்றே பழக்கம். இங்கே என் கைடுக்கு எழுதிய முதல் மின்னஞ்சலை "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கினேன். 'பெயரைச் சொல்லியே கூப்பிடு' என்று ஒரே வரியில் பதில் வந்தது. வாய் வரவில்லை. ஆறு மாதம், எதிரே போய் நின்று அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து சமாளித்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். முதல் வருடம் வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது ஆன்டிபாடியை வைத்து ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில், புரதத்தைக் காட்டும் பேண்டே (கோடே) வரவில்லை. மூன்று மாதம் யாரிடமும் மூச்சு விடாமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஃபீக்காவில், அதாவது எல்லோரும் உட்கார்ந்து காபி குடிக்கும் நேரத்தில், லேப் டெக்னீஷியன் பேச்சுவாக்கில் விசாரித்தார். ஆன்டிபாடி டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எத்தனை தடவை உருக்கி மறுபடி உறைய வைத்தாய்?" என்றார். அப்படி உருக்கி உருக்கி உறைய வைத்ததில் ஆன்டிபாடி கெட்டுப் போயிருந்தது, விஷயம் அவ்வளவுதான். கைடு திட்டவில்லை, "முதல் வாரமே ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அதனால் சந்திப்புக்குப் போகும்போது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன செய்தேன், எங்கே சிக்கினேன், அடுத்து எதைச் செய்யலாம் என்று தோன்றுகிறது. அவர் கேட்பது அந்த மூன்றாவதைத்தான். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம் ஐஎஸ்பி. வருடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டிய தனிப் படிப்புத் திட்டம் அது. உங்கள் கடமையோடு பல்கலைக்கழகத்தின் கடமையும் அதில் இருக்கும். பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். வாரம் ஒரு சந்திப்பு என்று பேசி முடித்தால் அதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பாடம் எடுப்பது போன்ற துறை வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் போகும் நேரத்தை ஈடுகட்டத்தான் 4 வருடப் படிப்பு 5 வருடம்வரை நீள்கிறது.

ஆனால் சந்திப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பது, எழுதிக் கொடுத்ததை மாதக்கணக்கில் படிக்காமல் வைத்திருப்பது, இதெல்லாம் சுதந்திரம் இல்லை, அலட்சியம். விதிப்படி உங்களுக்குக் குறைந்தது இரண்டு கைடுகள் உண்டு. முதலில் இரண்டாமவரிடம் பேசுங்கள். பல இடங்களில் மாணவர் சங்கத்திலேயே ஆய்வு மாணவர்களுக்காகப் பேச ஒருவர் இருப்பார். கைடை மாற்றச் சொல்லி நீங்கள் கேட்டால் மாற்றித் தர வேண்டும் என்பதும் விதிதான். என் தோழி ஒருத்தி "அவர் மனம் நோகுமே" என்று இரண்டு வருடம் கேட்காமலே இருந்தாள். கேட்டபின் மூன்றே வாரத்தில் முடிந்தது. பழைய கைடு இன்றும் ஃபீக்காவில் அவளுக்குக் காபி ஊற்றித் தருகிறார்.