மனக்காயத்துக்குச் சிகிச்சை: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

ஸ்கூட்டரில் போன என் தங்கையை லாரி இடித்து ஏழு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்துப் போகிறாள். அந்தச் சாலைப் பக்கமே போவதில்லை. மூன்று வாரமாக மனநல சிகிச்சைக்குப் போகிறாள். விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மூச்சுப் பயிற்சி மட்டும்தான் நடக்கிறதாம். இதற்கா இவ்வளவு பணம்?
— வாசகி, திருச்சி

மூன்று வாரம் என்றால் கவலைப்படாதீர்கள். தூக்கம் எப்படி, தற்கொலை எண்ணம் உண்டா, வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாளா என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் நினைவைக் கிளறுவது ஆபத்து. ஆனால் இரண்டு மூன்று மாதமாகியும் மூச்சுப் பயிற்சியைத் தாண்டவில்லை என்றால், “விபத்து நினைவை எப்போது எடுக்கப் போகிறீர்கள்?” என்று உங்கள் தங்கை நேராகவே கேட்கலாம். மூச்சுப் பயிற்சி பதற்றத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். காயம் ஆறுவது அடுத்த கட்டத்தில்.

அந்தக் கட்டத்துக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒரு வழி, அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய எதிர்கொள்ளல் சிகிச்சை. பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள். ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு, விபத்தை இப்போது நடப்பதுபோல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “லாரி வருகிறது, பிரேக்கைப் பிடிக்கிறேன்” என்று. முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து. இப்படி 30, 40 நிமிடம் போகும். அது பதிவாகும், வீட்டில் தினமும் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கம், தவிர்க்கும் இடங்களுக்கு அவளே ஒரு பட்டியல் போட்டு, பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தருவாள். பிரதான சாலை ஓரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து லாரிகளைப் பார்ப்பது 45 என்றால், வேலை அங்கே தொடங்கும். அதே சாலையில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போவது 90 ஆக இருக்கலாம், அது கடைசியில். போன இடத்தில் பயம் பாதியாகக் குறையும்வரை, அல்லது அரை மணி முக்கால் மணி நேரமாவது, இருக்க வேண்டும்.

இங்கேதான் வீட்டார் அன்பினாலேயே காரியத்தைக் கெடுக்கிறார்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது “போதும்மா, வா வீட்டுக்கு” என்று கூட்டி வந்தால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை படித்துக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாகும். பெஞ்சில் உட்கார்ந்து போனையே நோண்டுவதும், காய் நறுக்கிக்கொண்டே பதிவைக் கேட்பதும் அரைகுறை வேலைதான். முதல் சில தடவை கனவும் எரிச்சலும் கூடலாம். அதைச் சிகிச்சை தோற்றதன் அடையாளமாக எடுத்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுபவர்கள் பலர். தொடர்ந்து வரும்படி தங்கைக்குத் துணையாக இருங்கள்.

நள்ளிரவில் என் மனைவி திடுக்கிட்டு எழுந்து, என்னைக்கூட அடையாளம் தெரியாதவள்போல் பார்க்கிறாள். கட்டிப் பிடித்துச் சமாதானம் செய்தால் தள்ளிவிடுகிறாள். என்ன செய்வது?
— வாசகர், கடலூர்

அந்த நிமிடத்தில் அவர் பழைய சம்பவத்துக்குள் இருக்கிறார். உங்கள் கை அவருக்கு உங்கள் கையாகத் தெரியாது. கேட்காமல் தொடாதீர்கள். விளக்கைப் போடுங்கள், இரண்டடி தள்ளி அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், “நான்தான். இது நம்ம வீடு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை” என்று சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லவே கூடாது. மூடினால் உள்ளே அந்தக் காட்சிதான் ஓடும். பாதத்தைத் தரையில் அழுத்தி, குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்து, அறையில் இருக்கும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

பிறகு மூச்சு: எண்ணிக்கை நான்கில் உள்ளே, ஆறில் வெளியே. வேகமாக ஆழமாக இழுத்தால் தலைசுற்றல்தான் வரும். இதைப் பகலில் அமைதியாக இருக்கும்போது தினமும் ஐந்து நிமிடம் பழகியிருந்தால்தான் இரவில் கைகொடுக்கும். “என்ன கனவு கண்டாய்?” என்று அப்போதே துருவ வேண்டாம்.

பிள்ளையை உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) கூட்டிப் போனேன். கயிற்றை நிலத்தில் விரித்துக் கல்லும் பூவும் வைக்கச் சொன்னார்கள். இது என்ன விளையாட்டு?
— வாசகி, வவுனியா

போர், இடப்பெயர்வு என்று அடுக்கடுக்காக அடிபட்டவர்களுக்காக ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. கயிறுதான் பிள்ளையின் வாழ்க்கை. ஒரு முனை பிறப்பு; மறுமுனை சுருட்டியபடியே கிடக்கும், அது இனி வரப்போகும் காலம். நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல். பெரிய துயரத்துக்குப் பெரிய கல்லைப் பிள்ளையே தேடி எடுக்கும்.

முதல் நாள் கல்லுக்குப் பெயர் மட்டும்: எந்த வயது, எந்த ஊர். பிறகுவரும் அமர்வுகளில் பிறப்பிலிருந்து வரிசையாகக் கதை. கல் வரும் இடத்தில் நடை மெதுவாகும்: என்ன கண்டாய், என்ன மணம், நெஞ்சு அப்போது எப்படி அடித்தது, இப்போது எப்படி இருக்கிறது. “அப்போது”, “இப்போது” என்று மாறி மாறிக் கேட்பதில்தான் மருந்து இருக்கிறது. மனவடுவின் நினைவுக்குத் தேதியும் இடமும் ஒட்டுவதில்லை; அதனால்தான் அது இன்று நடப்பதுபோல் வந்து நிற்கிறது. சொன்னதை எழுதிவைத்து அடுத்த முறை வாசித்துக் காட்டித் திருத்துவார்கள்; முழுக் கதையையும் கடைசியில் பிள்ளையிடமே கொடுப்பார்கள்.

நேரம் முடிந்தது என்று கதையை உச்சத்தில் விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. ஆபத்து நீங்கிய இடம்வரை கொண்டுபோய்த்தான் அன்றைய அமர்வை முடிக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கு முகாம்களில் இந்த முறையைத் தியானப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். இரண்டு குழுப் பிள்ளைகளும் தேறினார்கள். ஆகவே பிள்ளை கதை சொல்லத் தயங்கினால் வேறு வழியும் இருக்கிறது.

மாத்திரையே போதாதா?
— வாசகர், சேலம்

செர்ட்ராலின், பராக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் மனக்காயத்திலும் பலருக்கு உதவும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆனால் நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை கிடைக்கும் இடத்தில் அதையே முதலில் எடுப்பது நல்லது. அல்பிரசோலம், டயஸெபாம் வகைப் பதற்றம் தணிக்கும் மாத்திரைகளை இதற்கு மாதக்கணக்கில் போடாதீர்கள், பழக்கமாகிவிடும்.

யாரிடம் போவது?
— வாசகி, மதுரை

மனநல மருத்துவர், அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. “மனக்காயத்துக்கு எந்த முறையில் பயிற்சி பெற்றீர்கள், ஏறக்குறைய எத்தனை அமர்வு?” என்றும் கேளுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி வற்புறுத்துபவரிடம் மறுமுறை போக வேண்டாம். அவசரத்துக்கு இந்திய அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926.