1,60,000 ரூபாய்க்கு முன்னால் அந்த மார்க்ஸ் கார்டைத் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் தையல் வேலை செய்கிறேன். மகனுக்கு 18 வயது. எஸ்எஸ்எல்சி பாஸ், பியூசி இரண்டாம் வருடத்தில் (பிளஸ் டூ) தேறவில்லை. வண்டி வேலை என்றால் அவனுக்கு உயிர். ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு வருட ஆட்டோமொபைல் டிப்ளமோவுக்கு 1,60,000 ரூபாய் கேட்கிறார்கள், வேலை உறுதி என்கிறார்கள். அங்கே கூட்டிப்போன கன்சல்டன்ட் 5,000 ரூபாய் அட்வான்ஸும் ஒரிஜினல் மார்க்ஸ் கார்டும் வாங்கிக்கொண்டார். வில்சன் கார்டனில் கேரேஜ் வைத்திருக்கும் என் தம்பியோ, "படிப்பு எதுக்கு அக்கா, பையனை என்கிட்ட விடு" என்கிறான். சங்கிலியை அடகு வைத்துச் சேர்க்கலாமா?

பதில்: அடகு வைக்காதீர்கள் அம்மா. பையனுக்குப் படிப்பு வேண்டும், ஆனால் இந்த விலையில் இந்தப் படிப்பு வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் மார்க்ஸ் கார்டு.

நாளைக் காலையிலேயே தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் அதைத் திரும்பக் கேளுங்கள். ஐயாயிரம் போனால் போகட்டும். அந்த கார்டு அவருடைய டிராயரில் கிடக்கும்வரை உங்கள் மகன் வேறு எங்கும் சேர முடியாது, அதற்காகத்தான் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரிஜினலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு, ஜெராக்ஸை வைத்துக்கொண்டு, ஒரிஜினலைக் கையோடு திருப்பித் தர வேண்டும். "மீதிப் பணம் கட்டுங்க, தர்றேன்" என்று சொன்னால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே கார்டு வெளியே வந்துவிடும். வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுங்கள். அதற்கும் மேலே போனால், மல்லேஸ்வரத்தில் இருக்கும் பள்ளித் தேர்வு வாரியத்தில் நகல் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அலைச்சல்தான், ஆனால் கிடைக்கும்.

இந்த கன்சல்டன்ட்டுகளைப் பற்றி எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. 28 வருடம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன், அதில் பாதிக் காலம் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம்தான். சேர்த்துவிடும் ஒவ்வொரு பையனுக்கும் நிறுவனம் அவருக்குக் கமிஷன் தருகிறது. உங்களிடமும் தனியாக ஒரு தொகை வாங்குவார். அரசு ஐடிஐ என்று ஒன்று இருப்பதை அவர் வாயால் சொல்லவே மாட்டார், அங்கே அவருக்குப் பைசா கிடையாது. பையன் எஸ்எஸ்எல்சி முடித்த கையோடு கேட்டிருந்தால் பிடதியில் டொயோட்டா 2007 முதல் நடத்தும் மூன்று வருடப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருப்பேன். இப்போது அந்த வயது தாண்டியிருக்கலாம்.

அடுத்தது, அவர்கள் கொடுக்கும் சான்றிதழ். போர்டில் "அரசு பதிவு பெற்றது" என்று இருக்கும். டிரஸ்ட்டாகவோ சொசைட்டியாகவோ பதிவு செய்தாலே அப்படி எழுதிக்கொள்ளலாம், மளிகைக் கடைக்கும்தான் பதிவு இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "முடித்தால் மத்திய அரசின் தேசியத் தொழிற்சான்றிதழ் (என்சிவிடி என்பார்கள்) வருமா?" வரும் என்றால், அந்த நிறுவனத்தின் பெயரும் குறியீட்டு எண்ணும் மத்திய அரசின் ஐடிஐ இணையதளப் பட்டியலில் இருக்கும். பையன் போனிலேயே தேடிப் பார்க்கட்டும். "அதுக்கு சமமானது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு மோட்டார் மெக்கானிக், டீசல் மெக்கானிக் இரண்டு டிரேடுமே செல்லும். அங்கே போய் நின்றால் அந்தச் "சமமானது" காகிதத்தைக் கையில்கூட வாங்க மாட்டார்கள்.

"வேலை உறுதி" என்பதையும் பிரித்துப் பாருங்கள். ஏதோ ஒரு டீலர் சர்வீஸ் சென்டரில் டிரெய்னியாகச் சேர்த்துவிடுவார்கள், பல சமயம் கான்டிராக்டர் மூலமாக. ஆறு மாதம் வண்டி கழுவுவதும் ஆயில் மாற்றுவதும்தான் வேலை. அந்தச் சம்பளத்தில் மாதம் 3,000 ரூபாய் அவன் மிச்சம் பிடித்தால்கூட, வட்டி சேர்க்காமலே 1,60,000 அடைய நாலரை வருடம் ஆகும். உங்கள் சங்கிலி அதுவரை அடகுக் கடையில்தான்.

அப்படியென்றால் தம்பி சொல்வது சரியா? பாதி சரி. வேலையில் கை படிவது கேரேஜில்தான். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் புதிதாக விற்கும் வண்டி எல்லாமே பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படிதான். சின்ன ஸ்கூட்டரில்கூட கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷனும் சென்சாரும் வந்துவிட்டன. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

என்ஜின் லைட் அணையாத ஒரு கார் வந்தது. ஆறு வருடம் கேரேஜில் வளர்ந்த பையன்தான் அதைப் பார்த்தான். டேப்பெட் சத்தத்தை பானெட் திறக்காமலே சொல்லக்கூடியவன். கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவி ஆக்சிஜன் சென்சார் என்று காட்டியது, புது சென்சார் மாற்றினான். லைட் அணைந்தது, மறுநாள் திரும்ப எரிந்தது. இன்னொரு சென்சார் வாங்கவும் கிளம்பிவிட்டான். அப்போது ஐடிஐ முடித்து அப்ரண்டிஸாக வந்திருந்த ஒருவன் வயரிங் படத்தை எடுத்தான். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, இரண்டு பக்க கப்ளரையும் பிரித்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை இசியு (வண்டியின் கம்ப்யூட்டர்) பக்கமும் மறுமுனையைச் சென்சார் பக்கமும் வைத்தான். பீப் வரவில்லை, நடுவில் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. வயர் போகும் வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போனான். பேட்டரி தட்டுக்குக் கீழே டேப் சுற்றிய இடத்தில் எலி கடித்து, செம்பு பச்சை பூத்து நின்றது. நாலு அங்குல வயரும் கொஞ்சம் சாலிடரும்தான் செலவு. முதல் பையன் கெட்டிக்காரன்தான், அவனுக்கு அந்தப் படத்தைப் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை. உங்கள் தம்பியின் கேரேஜிலும் அதைச் சொல்லித்தர ஆள் இருக்க மாட்டார்கள்.

அதனால் என் ஆலோசனை, ஓசூர் ரோட்டில் இருக்கும் அரசு ஐடிஐ, அல்லது வீட்டுக்கு எது பக்கமோ அந்த அரசு ஐடிஐ. மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டு வருடம், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். எஸ்எஸ்எல்சி பாஸ் போதும், பியூசி போனது தடையே இல்லை. மோட்டார் வெஹிக்கிளையே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வருட ஐடிஐ முடித்தவன் பிறகு பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேர வழி இருக்கிறது. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டாது.

குறை இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். கர்நாடகாவில் 150 ஐடிஐக்களை நவீனப்படுத்தி 2022 ஜூனில் திறந்தார்கள், நல்ல காரியம். ஆனால் இயந்திரம் வாங்கிப் போட முடிகிற அரசுக்கு, காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடத்தை நிரப்ப ஏன் இத்தனை வருடம்? நான் பார்க்கப் போன ஒரு ஐடிஐயில் புது ஸ்கேனர் பெட்டி பிரிக்காமலே இருந்தது, பையன்கள் குறுக்கே வெட்டி வைத்த கார்புரேட்டர் என்ஜினைச் சுற்றி நின்றார்கள். விண்ணப்ப அறிவிப்போ எப்போது வரும், எப்போது மூடும் என்று ஏழை வீட்டுக்குத் தெரிவதே இல்லை. கன்சல்டன்ட் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். மே, ஜூன் மாதங்களில் வாரம் ஒருமுறை நேரில் போய் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். ஐடிஐ கொடுக்காததை மாமா கொடுக்கட்டும்: மாலையும் ஞாயிறும் கேரேஜ்.

முடித்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஐடிஐ முடித்தவனுக்கு 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். பதிவு அரசு போர்ட்டலில், இலவசம். அதற்கும் பணம் கேட்டு ஒருவர் வருவார், கொடுக்காதீர்கள்.

சரி, காசு கொடுத்துப் படிப்பது எப்போதுமே வீணா? ஒரே ஒரு ஆளுக்கு வீண் இல்லை. அவர் ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் கையால் வேலை செய்தவராக இருக்க வேண்டும். வேலையை விடாமல் படிக்க வேண்டும். எடுக்கும் படிப்பு சில வாரங்களில் முடிவதாக, ஸ்கேனர் டயக்னாஸிஸ் அல்லது எலெக்ட்ரிக் வண்டி என்று ஒரே விஷயத்தைச் சொல்லித்தருவதாக இருக்க வேண்டும். ஏன் இத்தனை நிபந்தனை என்றால், ஆரஞ்சு நிற வயர் என்றாலே உயர் மின்னழுத்தம், தொடுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லும்போது, அவர் கண் முன்னால் நேற்று தொட்ட ஒரு வண்டி வந்து நிற்கும். அவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் மறுநாளே காசாகும். ஸ்பானரே பிடிக்காத பையனுக்கு அதே வகுப்பு நோட்டில் எழுதிய வரியாகப் போய்விடும். உங்கள் மகன் நாலு வருடம் கழித்து அந்த ஆளாக வந்து கேட்டால், நானே போகச் சொல்வேன், அதுவும் 1,60,000-க்கு இல்லை.

இன்னொன்று, நம் ஆட்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வது: இனிஷியல். மார்க்ஸ் கார்டில் "எம். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் முருகன்" என்று இருந்தால், ஐடிஐ சான்றிதழ் எந்தப் பெயரில் வருகிறதோ அதை வைத்து பாஸ்போர்ட் வரைக்கும் இழுத்தடிப்பார்கள். சேர்வதற்கு முன்பே ஆதாரை மார்க்ஸ் கார்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள்.

கையில் ஏழெட்டாயிரம் தேறினால் அவனுக்குச் சொந்தமாக ஒரு ரிங் ஸ்பானர் செட், சாக்கெட் செட், மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். ஸ்பானரும் சாக்கெட்டும் ஜே.சி. ரோட்டில், தம்பி கூட வரட்டும். மல்டிமீட்டர் மட்டும் எஸ்.பி. ரோட்டில், பீப் சத்தம் வரும் கன்டினியூட்டி இருக்கிறதா என்று கடையிலேயே இரண்டு முனையையும் தொடவைத்துப் பார்த்து வாங்குங்கள்.