மருந்து எந்த நாளில் தொடங்குகிறது?

அன்புள்ள ஐயா,

எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் என்எஸ்3 புரோட்டியேஸுக்கு (புரதத்தை வெட்டும் நொதி) எதிராக மூலிகைச் சேர்மங்களை டாக்கிங் (எவ்வளவு ஒட்டும் என்று கணினியில் பொருத்திப் பார்ப்பது) செய்ததில் ஒன்றுக்கு –9.4 என்ற நல்ல மதிப்பு வந்தது. வீரோ செல்லிலும் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்) அது வைரஸைக் குறைத்தது. அடுத்து எலி. என்எஸ்3ஐயே தொடரலாமா, வைரஸின் ஆர்என்ஏவைப் படியெடுக்கும் என்எஸ்5க்கு மாறலாமா? தடுப்பூசி இருக்கும்போது மருந்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

ர.

அன்புள்ள ர.,

1955இல் வேலூரில் இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. இன்றுவரை இதற்கென்று ஒரு மருந்து இல்லை. இந்த வேலைக்கு ஒரு மாணவி வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதனால்தான் கொஞ்சம் கடிந்து எழுதுகிறேன்.

தடுப்பூசிக் கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். வைரஸ் பன்றியிலும் கொக்கு நாரையிலும் வாழ்கிறது, மனிதருக்கு ஊசி போட்டு அதை ஒழிக்க முடியாது. வலிப்போடு வார்டுக்கு வந்துவிட்ட குழந்தைக்குத் தடுப்பூசி உதவாது.

–9.4ஐ ஓரமாக வையுங்கள். என்எஸ்3இன் வெட்டும் இடம் ஆழமில்லாதது. ஆர்ஜினின், லைசின் போன்ற நேர்மின்சுமை அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் இடத்தைப் பிடிப்பது. அதில் நன்றாக ஒட்டும் மூலக்கூறு பெரும்பாலும் மின்சுமை உள்ளதாக இருக்கும், செல் சவ்வைத் தாண்டத் திணறும். மூலிகைப் பாலிஃபீனால்கள் கரைசலில் திரண்டு எந்த நொதியையும் முடக்கும், 0.01% டிரைட்டன் (திரளைக் கலைக்கும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்தும் தடுப்பு நிற்கிறதா என்று பாருங்கள். என்எஸ்5க்குப் போனால் வேறு தொல்லை. அதைத் தடுக்கும் நியூக்ளியோசைடு வகை மருந்து நரம்பு செல்லுக்குள் மும்மை பாஸ்பேட்டாக மாறினால்தான் வேலை செய்யும். வீரோ செல் சில புரோடிரக்குகளை (உடலுக்குள் மாறிய பிறகே வேலை செய்யும் மருந்துகள்) சரியாக மாற்றாது, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் புரதத்தையும் சுரக்காது. எந்தப் புரதமானாலும் மனித நரம்பு செல்லில் ஒருமுறை பார்க்காமல் எலிக்குப் போகாதீர்கள்.

இனி எலி. உங்கள் கடிதத்தில் மருந்தை எந்த நாளில் தொடங்கப்போகிறீர்கள் என்ற வரியே இல்லை. இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். வைரஸைச் செலுத்துவதற்குச் சில மணி நேரம் முன்போ கூடவேயோ மருந்து கொடுத்து, 'எலிகள் பிழைத்தன' என்று எழுதிவிடுகிறார்கள். எந்தக் குழந்தை கொசு கடித்த அன்றைக்கு மருத்துவமனைக்கு வருகிறது? கடித்து 4 முதல் 14 நாள் கழித்துக் காய்ச்சல், அதற்கும் பிறகு வலிப்பு, அப்புறம்தான் அம்மா தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். அதற்குள் ரத்தத்தில் வைரஸ் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும், மூளையில் பெருகியிருக்கும்.

ஆகவே மருந்தைத் தொடுவதற்கு முன் வெறும் வைரஸை வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். வயிற்றறையில் செலுத்தி, தினமும் மூன்று நான்கு எலிகளை எடுங்கள். இதயம் வழியாக உப்புநீர் பாய்ச்சி ரத்தத்தை முழுக்கக் கழுவிய பிறகே மூளையை எடுக்க வேண்டும். இல்லையென்றால் மூளையில் மிச்சமிருக்கும் ரத்தத்தைத்தான் அளப்பீர்கள். 10% கரைசலாக அரைத்து பிஎச்கே-21 என்ற ஆய்வகச் செல்லில் பிளாக் (வைரஸ் செல்லை அழித்த புள்ளிகள்) எண்ணுங்கள். மூளையில் வைரஸ் முதலில் தெரியும் நாள் வைரஸ் வகைக்கு வகை மாறும். அந்த நாளில் ஒரு குழுவுக்கும், எடை குறைந்து மயிர் சிலிர்க்கும் நாளில் இன்னொரு குழுவுக்கும் மருந்தைத் தொடங்குங்கள். தீனியில் கலக்காதீர்கள், நோயுற்ற எலி தின்னாது. பிழைத்ததை மட்டும் எண்ணாமல், தொடங்கி 48 மணி நேரத்தில் மூளையில் வைரஸ் எவ்வளவு குறைந்தது என்றும் பாருங்கள்.

கூடவே மூளையில் மருந்தையும் அளக்க வேண்டும். மொத்த அளவு ஏமாற்றும். மூளையில் 1 மைக்ரோமோலார் இருந்து, அதில் மூளைத் திசுவோடு ஒட்டாமல் திரிவது 2% என்றால், வேலைக்கு வருவது 20 நானோமோலார்தான். செல்லில் உங்களுக்கு 3 மைக்ரோமோலார் தேவைப்பட்டால் 150 மடங்கு பற்றாக்குறை. டோஸைக் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது, கல்லீரல்தான் கெடும். ரத்தத்திலிருந்து பொருள்கள் மூளைக்குள் போகாமல் காக்கும் ரத்த–மூளைத் தடுப்பு நோயில் உடைந்துவிடுமே என்பார்கள். அது பிந்தி, திட்டுத்திட்டாக உடைகிறது. அதை நம்பி மருந்து செய்யக் கூடாது. அந்தத் தடுப்பில் இருக்கும் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு உங்கள் சேர்மத்தை வெளியே தள்ளுகிறதா என்பதை எலிக்கு முன்பே பார்த்துவிடலாம்.

இதைச் செய்யாமல் போனதன் விலை தெரியும்தானே? வியட்நாமில் 112 குழந்தைகளுக்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா 7 நாள் கொடுத்துப் பார்த்த முடிவு 2003இல் வந்தது: பயனில்லை. உத்தரப் பிரதேசத்தில் ரிபாவிரின் என்ற வைரஸ் மருந்து வாய்வழியாக, 153 குழந்தைகள், 2009: பயனில்லை. இரண்டுமே மூளைக்குள் சரியாகப் போகாதவை. கொடுத்ததோ நோய் முற்றிய பிறகு. ஹெர்பஸ் மூளைக்காய்ச்சலில் அசைக்ளோவிர் ஜெயித்ததற்கு மருந்தின் வலிமை மட்டும் காரணமில்லை. பிசிஆர் முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்த மணி நேரத்திலேயே கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை சிரை வழியாக ஏற்றுகிறார்கள். நமக்கும் அப்படிப்பட்ட மருந்துதான் வேண்டும். முதல் டோஸ் அவசரப் பிரிவிலேயே போகவேண்டும், நோயை உறுதிசெய்யும், தண்டுவட நீரின் ஐஜிஎம் (எதிர்ப்புரதம்) அறிக்கை பின்னால் வரட்டும். உறுதியாகாத குழந்தைக்கும் கொடுக்க வேண்டியிருப்பதால் மிகப் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சலும் இதே போல வரும் ஊர்களில் அதற்கான டாக்சிசைக்ளினோடு சேர்த்துக் கொடுத்தாலும் சண்டை போடக் கூடாது.

என்எஸ்3ஆ என்எஸ்5ஆ என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். நோயில்லாத மூன்று எலிகளுக்கு ஒரு டோஸ் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து, கழுவிய மூளையில் ஒட்டாத மருந்து எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். செல்லில் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் இந்தச் சேர்மத்தை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.