பித்தப்பைக் கல் வாழைத்தண்டுச் சாற்றில் கரையுமா?

ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்திருக்கிறது, வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கரையாது. வாழைத்தண்டை நம் பக்கம் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு. பித்தப்பை சிறுநீர் போகும் வழியிலேயே இல்லை. கல்லீரலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சின்னப் பை அது. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, நாம் கொழுப்பு சாப்பிட்டதும் சுருங்கி அதைக் குடலுக்கு அனுப்பும். அந்த நீரில் கொலஸ்ட்ரால் மிஞ்சி உறைந்தால் பெரும்பாலும் கல்லாகிறது. (பித்தம் ஏறித் தலை சுற்றுகிறது என்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அம்மாவுக்குக் கறிக்குழம்பு சாப்பிட்ட ராத்திரிகளில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும், வலி தோள்பட்டை வரை ஏறும். "வாயுப் பிடிப்புடா" என்று ஓமத்தண்ணீர் குடித்தே எட்டு மாதம் ஓட்டினார். நானும் நம்பிவிட்டேன்; அது இன்னும் மனதை அறுக்கிறது. ஒருநாள் குளிர்ஜுரம், கண்ணெல்லாம் மஞ்சள். ஒரு கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு அந்தக் கல்லை எடுத்தார்கள். அப்புறம்தான் வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையே எடுத்தார்கள்.

"கல்லை மட்டும் எடுக்கக் கூடாதா?" என்று அம்மாவும் டாக்டரிடம் கேட்டார். பை இருந்தால் கல் மறுபடி வரும் என்றார். பை இல்லாவிட்டால் பித்தநீர் நேராகக் குடலில் இறங்கிவிடுகிறது. கொஞ்ச நாள் வயிறு இளகிப் போனது, அவ்வளவுதான். இப்போது சங்கரா வறுவல் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்.

உங்களுக்கு வலியே இல்லையென்றால் பயப்படாதீர்கள். தற்செயலாகத் தெரியவரும் கல் பலருக்குக் கடைசிவரை தொந்தரவு தராது; டாக்டரும் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வார். வலி வந்து வந்து போனால் சர்ஜனைப் பாருங்கள். கரைக்கும் மாத்திரை இருக்கிறது, ஆனால் சிலவகைச் சிறு கற்களுக்குத்தான். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வருகிறது.

வலியோடு குளிர்ஜுரமோ, மஞ்சள் கண்ணோ, விடாத வாந்தியோ சேர்ந்தால் காலை ஓ.பி. வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.