மூன்று கேசட்டுக்கு மூன்று டிவிடி

கேள்வி: 2006-ல் எடுத்த அக்கா வளைகாப்பு மூன்று மினிடிவி (MiniDV) கேசட்டில் இருக்கிறது. கடையில் கொடுத்து ஒரே டிவிடியில் போட்டு வாங்கினோம். புடவை ஜரிகையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கேம்கார்டர் இன்னும் ஓடுகிறது. வீட்டிலேயே தெளிவாக மாற்ற முடியுமா? (வாசகர், மடிப்பாக்கம்)

முடியும். கேசட்டைக் குறை சொல்ல வேண்டாம், அடைத்ததில்தான் கோளாறு. மினிடிவி கேசட்டில் படம் நொடிக்கு 25 மெகாபிட் வீதம் பதிவாகிறது. 4.7 ஜிபி டிவிடியில் மூன்று கேசட்டின் மூன்று மணி நேரத்தைத் திணித்தால் நொடிக்கு 3 மெகாபிட் சொச்சம்தான் மிஞ்சும். ஜரிகை, பூச்சரம், கண்ணாடி வளையல் என்று நுணுக்கம் கூடிய இடம்தான் முதலில் உடையும்.

முதலில் கேசட்டைப் பாருங்கள். டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. கேமராவில் போடாதீர்கள், ஹெட்டிலும் ஒட்டிக்கொண்டு மற்ற கேசட்டையும் கெடுக்கும். சென்னைப் புழுக்கத்தில் இது சகஜம். ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவை உடனே ஓட்டவும் வேண்டாம், உள்ளே ஈரம் படியும். இரண்டு மணி நேரம் வெளியே இருக்கட்டும். பிறகு டேப்பைக் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்தது ஒயர். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி ஒயர் வேண்டாம். டிஜிட்டல் படத்தை அனலாகாக்கி, மறுபடி டிஜிட்டலாக்கும் வீண் வேலை அது. கேமராவின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் போட்டோவுக்குத்தான். 'டிவி' (DV) அல்லது 'ஐ.லிங்க்' (i.LINK) என்று எழுதிய சின்ன 4 பின் துளைதான் ஃபயர்வயர், டிஜிட்டல் படத்தை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வழி. டெஸ்க்டாப்புக்கு அதற்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டும் கேபிளும் ரிச்சி தெருவில் விசாரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் அணைத்துவிட்டே செருகவும். கம்ப்யூட்டர் பக்கத்து 6 பின் முனை தலைகீழாகப் போனால் போர்ட் புகைந்துவிடும். படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்க வின்டிவி (WinDV) என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு மணி நேரக் கேசட் சுமார் 13 ஜிபி ஏவிஐ ஃபைலாக வரும். ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் (NTFS) முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கட்டும், பழைய ஃபேட்32 (FAT32) முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியில் நின்றுவிடும்.

டிவிடியாக்கும்போது நம் நாட்டு டிவி முறையான பால் (PAL), 720x576, வீடியோ 8 மெகாபிட், ஒலி 256 கிலோபிட். ஒரு மணி நேரத்துக்கு 3.7 ஜிபி ஆகும், அதனால்தான் கேசட்டுக்கு ஒரு டிவிடி. பலரும் கோட்டைவிடுவது ஃபீல்டு ஆர்டரில், அதாவது ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக இருக்க, எந்தப் பாதி முதலில் என்பதில். மினிடிவிக்கு 'பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்'. மாற்றி வைத்தால் அசையாத முகம் சரியாகவே தெரியும். வளையல் அடுக்கும் கை மட்டும் முன்னும் பின்னும் வெட்டி வெட்டி நடுங்கும். அந்த இரண்டு பாதியையும் ஒன்றாக்கும் டீ-இன்டர்லேஸ் செய்யாதீர்கள்.

டிவிடி-ஆரில் 4x அல்லது 8x வேகத்தில் எழுதி, மற்ற பிளேயரிலும் ஓடும்படி டிஸ்கை முடித்துவைக்கும் 'ஃபைனலைஸ்' செய்யுங்கள். பார்த்துவிட்டோம் என்று ஏவிஐ ஃபைலை அழித்துவிடாதீர்கள், உண்மையான பிரதி அதுதான். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். டிவிடியைச் சோதிக்கும்போது கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டுங்கள். உள்ளிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுவதால், திணறல் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.